மகாமகக் குளத்தில் அணைந்த விளக்குகள்: ஒரு கொலு நகரத்தின் ஏசி ஒயரிங், நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்தில் என் சித்தி வீட்டுக் கொலுவில் படிகளுக்கு முன்னால் வருஷா வருஷம் ஒரு மகாமகக் குளம் விரியும். 1980 மகாமகம் முடிந்து வந்த நவராத்திரிக்காகத் தாத்தா தன் கையால் செய்தது. நாலடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை, நடுவில் கண்ணாடி பதித்த குளம். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் கட்டியதாகச் சொல்லும் 16 மண்டபங்களும் அட்டையில் உருவாகிக் கரையைச் சுற்றி நிற்கும். வடகரையில் காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம், கீழ்க்கரையில் அபிமுகேஸ்வரர் கோபுரம், அவற்றை ஒட்டி ஒரு மாடி வீடு, ஒரு காபி கிளப், ஒரு கடை வரிசை, மூன்று ஓட்டு வீடுகள். மொத்தம் 24 கட்டிடங்கள். எல்லாவற்றிலும் விளக்கு உண்டு.

போன வருஷக் கொலுவில் அந்த விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் மின்னணு சாதனங்கள் பழுது பார்ப்பவன். சரஸ்வதி பூஜைக்குப் போன இடத்தில் இந்த வேலை கைக்கு வந்தது. அணைந்ததற்கான காரணம் நானே முதலில் நினைத்ததும் இல்லை, வீட்டில் எல்லோரும் நினைத்ததும் இல்லை. மாடல் கட்டிடங்களுக்கும் பொம்மை ரயில் நிலையங்களுக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மரை வைத்து எல்இடி போடுகிறவர்கள் பலர் இதே இடத்தில் மாட்டுகிறார்கள். அதனால்தான் ஆரம்பம் முதல் எழுதி வைக்கிறேன்.

தாத்தா போட்ட ஒயரிங்

தாத்தா பயன்படுத்தியது வால்வு ரேடியோவில் முள் நகரும் கண்ணாடிக்குப் பின்னால் எரியுமே, அந்த டயல் பல்பு. 6.3 வோல்ட், 0.15 ஆம்பியர். இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்து, 12 ஜோடிகளையும் 12 வோல்ட் ஏசியில், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தில், கொடுத்திருந்தார். ஜோடிக்கு 0.15 வீதம் மொத்தம் 1.8 ஆம்பியர். அதற்குத் தகுந்தாற்போல் 2 ஆம்பியர் தாங்கும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மரப்பெட்டிக்குள் வைத்து, நடு ஒயரையும் ஓர ஒயர் ஒன்றையும் மட்டும் எடுத்திருந்தார். மற்ற ஓரத்துக்குத் துணி டேப் சுற்றி மடக்கி வைத்திருந்தார். பலகைக்கு அடியில் குளத்தைச் சுற்றி இரண்டு ஒயர் ஓடும். கட்டிடம் வருமிடத்தில் அதிலிருந்து கிளை பிரியும். தேர் ஓடும் வீதி மாதிரியே ஒரு வட்டம்.

அந்த அமைப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பல்பின் இழைக்கு மின்சாரம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒன்றுதான். மின்சாரம் நொடிக்கு நூறு தடவை சுழியைத் தொட்டுப் போனாலும் இழையின் சூடு தணியாது, எனவே மினுக்கலும் தெரியாது. ஒரு பல்பு போனால் அதன் ஜோடியும் அணையும். சூட்டில் மண்டபக் கூரைகள் உள்பக்கம் பழுப்பேறியிருந்தன. அவ்வளவுதான். நாற்பது வருஷம் எரிந்தது.

நவராத்திரியில் நடந்தது

டயல் பல்பு கிடைப்பது அரிதாகிப் போனதால், போன வருஷம் சித்தி மகன் எல்லாவற்றையும் எல்இடியாக மாற்றினான். பாக்கெட்டில் வாங்கிய 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்இடிகள். மண்டபங்களிலும் ஓட்டு வீடுகளிலும் ஒவ்வொன்று. கோபுரங்கள், மாடி வீடு, காபி கிளப், கடை வரிசை ஆகிய ஐந்திலும் இரண்டிரண்டு. ஆக 29. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு 470 ஓம் ரெசிஸ்டர். டிரான்ஸ்ஃபார்மரையும் வட்ட ஒயரையும் அப்படியே விட்டுவிட்டான். கால் நீளம் பார்த்து (நீளக் கால் பிளஸ்) பூட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஏசியில் எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரிந்தது.

முதல் நாள் பளிச்சென்று இருந்ததாம். வந்தவர்கள் செல்போனில் வீடியோ எடுத்தபோது மட்டும் குளத்தின் மேல் கருப்புப் பட்டைகள் ஓடின. நாலாம் நாள் தென்கரையில் இரண்டு மண்டபங்கள் இருண்டன. ரெசிஸ்டர் போதவில்லை என்று அந்த இரண்டுக்கும் புது எல்இடியும் 1 கிலோ ஓமும் போட்டான். ஆறாம் நாள் வேறு மூன்று போயின. நான் போய்ச் சேர்ந்த அன்று, 1 கிலோ ஓம் போட்ட மண்டபங்களில் ஒன்றும் மங்கியிருந்தது. விஜயதசமி இரவு கணக்கெடுத்தோம். முன்பே மாற்றிய இரண்டைச் சேர்க்காமல், பலகையில் இருந்த 29ல் 6 சுத்தமாக இருட்டு, 5 மின்மினி போல மங்கல்.

“அண்ணா, ரெசிஸ்டர்தான் போட்டாச்சே, அப்புறமும் ஏன் போறது?” என்று கேட்டான். மிகச் சரியான கேள்வி.

மின்னோட்டம் குற்றவாளி இல்லை

எல்இடி போனால் எல்லோரும் முதலில் சொல்வது, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்துவிட்டது என்பதுதான். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். மல்டிமீட்டரை வைத்ததும் டிரான்ஸ்ஃபார்மர் 13.9 வோல்ட் காட்டியது. 12 என்று எழுதியிருந்தால் அது 2 ஆம்பியர் முழுச் சுமையில் கிடைக்கும் 12. சுமை இல்லாதபோது ஏறித்தான் நிற்கும். மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் என்ற பயனுறு அளவு என்பதால் அலையின் உச்சி அதைப்போல 1.414 மடங்கு. ஆக 19.6 வோல்ட். வெள்ளை எல்இடி 3.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 16.4 வோல்ட் 470 ஓம் மேல் விழும். உச்சியில் 35 மில்லி ஆம்பியர்.

35 என்று பார்த்ததும் பிடித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அது அலையின் உச்சியில் ஒரு கணம் மட்டும். பாதி நேரம் எல்இடி மூடியே கிடக்கிறது. முழுச் சுற்றுக்கும் கணக்குப் போட்டால் சராசரி சுமார் 10 மில்லி ஆம்பியர்தான். இந்த வகை எல்இடிக்கு 20 வரை கொடுக்கலாம். ரெசிஸ்டரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு கூட அதிகமில்லை. மேலே உள்ள வண்ணக் கோடுகள் கொஞ்சமும் கருகவில்லை. 1 கிலோ ஓம் போட்டு மின்னோட்டத்தைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்த பிறகும் ஒன்று மங்கியது. ஆக, முன்பக்கம் பாய்ந்த மின்சாரம் இவற்றைக் கொல்லவில்லை.

தடயம் அந்த ஐந்து இரட்டை விளக்குக் கட்டிடங்களில் இருந்தது. அவற்றில் இரண்டு எல்இடியும் ஒரே ரெசிஸ்டரைப் பங்கு போட்டுக்கொண்டு பக்கவாட்டில் இணைந்திருந்தன. காசி விஸ்வநாதர் கோபுரம், மாடி வீடு, கடை வரிசை மூன்றிலும் ஆறு எல்இடிக்கு நாலு கெட்டிருந்தது. அபிமுகேஸ்வரர் கோபுரமும் காபி கிளப்பும் முதல் நாள் போலவே எரிந்துகொண்டிருந்தன. நாலும் நன்றாக இருந்தன. காபி கிளப்பின் அடி அட்டையைக் கழற்றி, விளிம்பில் தட்டையாக வெட்டிய, மைனஸைக் காட்டும் பக்கம் எது என்று பார்த்தேன். ஒரு எல்இடி ஒரு திசை, அடுத்தது எதிர்த்திசை. கால் நீளம் பார்க்காமல் பூட்டியதில் தற்செயலாக அமைந்த எதிர் ஜோடி அது. கெட்டுப்போன மூன்று கட்டிடங்களிலும் இரண்டும் ஒரே திசை. அபிமுகேஸ்வரர் கோபுரத்தைத் திறக்க முடியவில்லை என்றாலும், வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் மேல்நிலையும் கீழ்நிலையும் மாறி மாறி எரிவது தெரிந்தது. அதுவும் எதிர் ஜோடிதான்.

திரும்பி அடிக்கும் பாதி

எல்இடி என்பது வெளிச்சம் தரும் டையோடு. ஒரு பக்கம் மட்டும் மின்சாரத்தை விடும். ஏசியில் ஒரு நொடிக்கு 50 தடவை மின்னழுத்தம் முன்னும் பின்னும் புரள்கிறது. முன்பாதியில் எல்இடி எரியும். பின்பாதியில் எரியாது, சும்மா இருக்கிறது என்று நினைக்கிறோம். அது சும்மா இல்லை. முழு அழுத்தத்தையும் முதுகில் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

ரெசிஸ்டர் ஏன் அங்கே காப்பாற்றவில்லை? சைக்கிள் டியூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வால்வு டியூப் ரப்பர் காற்றை உள்ளே மட்டும் விடும். பம்ப்பின் குழாயைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்தால் காற்று மெதுவாகப் போகும். ரெசிஸ்டரின் வேலை அது. ஆனால் காற்றே ஓடாமல் நிற்கும்போது மடக்கியிருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன, அழுத்தம் அந்த ரப்பரின் மேல்தான். மின்சாரம் ஓடினால்தான் ரெசிஸ்டரின் மேல் வோல்ட் விழும். பின்பாதியில் ஓட்டம் கிடையாது. எனவே 470 போட்டாலும் 1 கிலோ ஓம் போட்டாலும் 19.6 வோல்ட்டும் எல்இடியின் முதுகில்தான். இந்த வகை எல்இடிகளின் தகவல் தாளில் தலைகீழாகத் தாங்கும் அளவு என்று வழக்கமாகப் போட்டிருப்பது 5 வோல்ட்.

எதிர்த்திசையில் இன்னொரு எல்இடி பக்கத்தில் இருந்தால் கதை மாறிவிடுகிறது. ஒன்று மூடும் பாதியில் மற்றது திறந்து எரிகிறது. எரியும் எல்இடி 3 வோல்ட் சொச்சத்துக்கு மேல் ஏற விடாது. அதனால் மூடியிருப்பதன் முதுகில் விழுவதும் அந்த 3 வோல்ட் சொச்சம்தான். காபி கிளப் பிழைத்தது அப்படித்தான்.

நாலு எல்இடி பிழைத்ததை வைத்து ஒரு முடிவுக்கு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. கெட்டவற்றையும் மீதமிருந்த புது எல்இடிகளையும் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்து என் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மின்னழுத்த அலையைத் திரையில் வரைந்து காட்டும் சிஆர்ஓவில் எல்இடியின் இரு காலுக்கும் நடுவே பார்த்தால் அலையின் மேல்பாதி 3 வோல்ட்டில் கத்தரித்தது போல் தட்டையாக நின்றது. கீழ்பாதி ஒரு குறையும் இல்லாமல் 19 வரை முழுசாக இறங்கியது. மங்கிப்போன ஒன்றை வைத்தேன். கீழ்பாதி முழுதாக இறங்காமல் பாதி வழியிலேயே சப்பையாகிவிட்டது. தலைகீழாகவும் மின்சாரம் ஒழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு பென்சில் செல், ஒரு 1 கிலோ ஓம், மீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்துத் தலைகீழாகச் சோதித்தாலும் அதுவே தெரிந்தது. நல்ல எல்இடியில் சுழி. மங்கியவற்றில் எண் ஏறி நின்றது.

பிறகு ஒரே பாக்கெட்டிலிருந்து நாலு புது எல்இடி எடுத்து, இரண்டை வெறும் 470 ஓமோடும், இரண்டை எதிர்த்திசையில் ஒரு 4148 டையோடு பக்கத்தில் சேர்த்தும், அதே டிரான்ஸ்ஃபார்மரில் பத்து நாள் விட்டேன். டையோடு சேர்த்த இரண்டும் மாறவில்லை. வெறுமனே விட்டதில் ஒன்று ஆறாம் நாள் மங்கியது. மற்றது பத்தாம் நாளும் நன்றாக எரிந்தது. இந்தக் கடைசி வரிதான் முக்கியம். “நான் வருஷக்கணக்கா ஏசியில்தான் போடறேன், ஒண்ணும் ஆகல்லையே” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தகவல் தாளின் 5 வோல்ட்டுக்கு மேலேயும் பல எல்இடிகள் தாங்கிக்கொள்ளும். எது தாங்கும், எது தாங்காது என்று பாக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. 24 கட்டிடத்தில் அந்தச் சீட்டை இழுக்க எனக்கு மனமில்லை.

சீரியல் செட்டைப் பற்றி

இதற்கு நடுவில் வீட்டுக்கு வந்த ஒருவர், எதற்கு இந்தப் பாடு, ஒரு சீரியல் செட்டை வாங்கி ஒவ்வொரு பல்பையும் ஒவ்வொரு மண்டபத்தில் செருகிவிடலாமே என்றார். நிறைய வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், மலிவாகவும் இருக்கிறது. நான் ஒரே பிடியாக மறுத்தேன்.

நேரே பிளக்கில் செருகும் சாதாரண சீரியல் செட்டுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டின் 230 வோல்ட்டோடு அந்த மெல்லிய ஒயர் நேரடித் தொடர்பில் இருக்கிறது. ஒரு எல்இடியின் மேல் 3 வோல்ட்தான் விழுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒயரைத் தொட்டுத் தரையில் நிற்கும் ஒருவர் உடம்பின் மேல் விழுவது 230 ஆக இருக்கலாம். கொலுவுக்கு முன்னால் குழந்தைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். அட்டைச் சுவரில் ஓட்டை போட்டு, பல்பை அழுத்திச் செருகி, ஒயரை மடக்கி ஒட்டும்போது தோல் உரியாத ஒயர் அபூர்வம். பக்கத்திலேயே குத்துவிளக்கு, கீழே கோலத்துக்குத் தெளித்த ஈரம். சுற்றிலும் அட்டை, தெர்மாகோல், ஜிகினாத் தாள். மாடல் கட்டிடத்துக்குள் போகும் ஒயர், வீட்டு மின்சாரத்திலிருந்து டிரான்ஸ்ஃபார்மரோ அடாப்டரோ வழியாக முழுசாகப் பிரிந்த ஒயராகத்தான் இருக்க வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

அதே காரணத்துக்காக, தாத்தாவின் டிரான்ஸ்ஃபார்மரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. மோட்டார் வைண்டிங் கடையில், மின்காப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெக்கரை வைத்து, 230 பக்கத்துச் சுற்றுக்கும் 12 பக்கத்துச் சுற்றுக்கும் இடையே, பிறகு இரும்புக்கும் இடையே சோதித்தோம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முள் முடிவிலியில் நின்றது, அதாவது கசிவு இல்லை. 230 பக்கத்து ஒயரை மட்டும் புதிதாக மாற்றி, இரும்பைப் பிளக்கின் எர்த்தோடு சேர்த்து, 12 பக்கத்தில் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போட்டேன்.

மாற்றியமைத்த விதம்

ஏசியிலேயே எல்இடியைக் காப்பாற்ற மூன்று வழி உண்டு. எதிர் ஜோடியாகப் போடலாம். ஒற்றை எல்இடிக்கு எதிர்த்திசையில் ஒரு டையோடை முதுகுக் காவலாக வைக்கலாம். அல்லது கட்டிடத்துக்கு ஒரு பிரிட்ஜ், அதாவது ஏசியின் இரண்டு பாதியையும் ஒரே திசைக்குத் திருப்பும் நாலு டையோடு, வைக்கலாம். முதல் இரண்டிலும் ஒவ்வொரு எல்இடியும் நொடிக்கு 50 தடவை அணைந்து எரிகிறது; கண்ணைச் சட்டென்று திருப்பினால் பொட்டுப் பொட்டாகத் தெரியும், கேமராவில் பட்டை ஓடும். பிரிட்ஜ் வைத்தால் அது 100 ஆகிவிடும், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஐரோப்பிய பொம்மை ரயில்களில், குறிப்பாக மெர்க்லின் பழைய செட்டுகளில், விளக்குகளுக்குக் கிடைப்பது 16 வோல்ட் ஏசி. உச்சி 22.6. அந்த மாதிரி பலகை முழுக்க ஏசி ஏற்கெனவே ஓடுகிற இடத்தில் கட்டிடத்துக்கு ஒரு பிரிட்ஜ் என்பது நல்ல வழி. எந்தப் பக்கம் பிளஸ் என்ற கவலையே இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.

எங்கள் பலகையில் எல்லா ஒயரும் ஒரே பெட்டியிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் பெட்டிக்குள்ளேயே ஒரே ஒரு தடவை டிசியாக, ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக, மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நாலு 4007 டையோடில் ஒரு பிரிட்ஜ். அதன் பின்னால், மின்சாரத்தைச் சேமித்து ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய 1000 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர். வந்தது 18 வோல்ட் டிசி. இரண்டு டையோடில் சேர்ந்து 1.4 போக, 19.6ல் மீதி அது. 25 வோல்ட் கெப்பாசிட்டரே போதும் என்பார்கள். வீட்டு மின்சாரம் ராத்திரியில் ஏறுகிற நாள்களை நினைத்து 35 போட்டேன். தாத்தா மடக்கி வைத்த அந்த மூன்றாவது ஒயரை இன்னும் கெட்டியாகக் கட்டி ஸ்லீவ் போட்டேன். யாராவது தவறுதலாக இரண்டு ஓர ஒயர்களையும் எடுத்துவிட்டால் 24 வோல்ட் ஏசி ஆகிவிடும். சுமையில்லாமல் அதன் உச்சி 39ஐத் தொடும். கெப்பாசிட்டர் வெடிக்கலாம்.

கட்டிடத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்பதை 5 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒற்றை எல்இடி: 18லிருந்து 3.1ஐக் கழித்தால் 14.9; 5 மில்லி ஆம்பியருக்கு ஏறக்குறைய 3 கிலோ ஓம்; கடையில் கிடைப்பது 3.3 கிலோ ஓம். இரட்டை விளக்குகளைப் பக்கவாட்டிலிருந்து பிரித்துத் தொடரில் போட்டேன். 6.2 போக மீதி 11.8க்கு 2.2 கிலோ ஓம். கால் வாட் ரெசிஸ்டரே தாராளம். மொத்தச் சுமை 0.12 ஆம்பியர். முன்பு 1.8 ஓடிய ஒயர் அது. இப்போது டெலிபோன் ஒயரில் வட்டம் போட்டாலும் ஒன்றும் ஆகாது: அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி 4 மீட்டர், போக வர 0.7 ஓம். 1.8 ஆம்பியரில் வழியிலேயே 1.2 வோல்ட் தின்றிருக்கும். 0.12ல் இழப்பு ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கஷ்டம் வந்தது எதிர்பார்க்காத இடத்தில். ஏசியில் பொருட்டில்லாத பிளஸ், மைனஸ் இப்போது எல்லா இடத்திலும் வேண்டும். தாத்தாவின் வட்ட ஒயரில் இரண்டும் ஒரே பழுப்பு நிறம். ஒவ்வொரு கிளையிலும் மீட்டர் வைத்துப் பார்த்து, பிளஸ் ஒயரில் சித்தியின் குங்குமச் சிமிழிலிருந்து ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனான் தம்பி. பின்னால் சிவப்பு ஸ்லீவ் போட்டோம். எல்இடிகளை நாணய வடிவ 3 வோல்ட் செல்லின் இருபுறமும் காலைக் கவ்வ விட்டுத் திசை பார்த்தோம். எரிந்தால் பிளஸ் பக்கத்துக் கால்தான் நீளக் கால். வெட்டிய காலோடு பெட்டியில் கிடந்தவற்றுக்கு இது சுலபமான வழி.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இந்தப் பிரிட்ஜ் வேலையைச் சொல்ல மாட்டேன். பழைய மோடத்தின் 12 வோல்ட் டிசி அடாப்டர் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கிறது. அதுவே போதும். அதில் ஒற்றை எல்இடிக்கு 1.8 கிலோ ஓம். எங்கள் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டது, அது மெக்கரில் தேறியதாலும், தாத்தா பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலில் வரைந்த ஒயரிங் படம் இன்னும் அழியாமல் இருப்பதாலும்.

வெளிச்சம்

ஒயரிங் முடிந்து முதல் தடவை சுவிட்ச் போட்டபோது எல்லாம் எரிந்தது. சித்தி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரி மாதிரி இருக்குடா” என்றாள்.

அவள் சொன்னது முழுக்கச் சரி. டயல் பல்பின் மஞ்சள் போய், நீலம் கலந்த வெள்ளை வந்திருந்தது. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல எல்இடிதான். மேலே பூசிய மஞ்சள் பொடி அந்த நீலத்தில் ஒரு பங்கை மாற்றி, இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. 3 வோல்ட்டுக்கு மேல் கேட்பதும் அந்த நீலத்தால்தான். சிவப்பு எல்இடி 2 வோல்ட்டிலேயே எரிந்துவிடும். பொடியின் கலவையை மாற்றி இளமஞ்சளாக வருவதை வார்ம் ஒயிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். வோல்ட் அதேதான், ரெசிஸ்டரை மாற்ற வேண்டாம். 16 மண்டபங்களுக்கும் ஓட்டு வீடுகளுக்கும் அதை வாங்கி மாற்றினோம். கடை வரிசையில் மட்டும் வெள்ளையை விட்டோம். இன்றைய கடைத்தெரு அப்படித்தான் இருக்கிறது.

அளவும் கூடுதல். உள்ளங்கை அளவு மண்டபத்தில் 4.5 மில்லி ஆம்பியர் என்பது கண்ணைக் கூசும். 3.3ஐ எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டேன், ஒன்றரை மில்லி ஆம்பியர். அப்போதுதான் கூரைக்குக் கீழே படிக்கட்டின் விளிம்பு தெரிந்தது, தூண்களுக்கு நிழல் வந்தது. எல்இடியின் மண்டையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் ஒரே புள்ளியில் குத்தாமல் வெளிச்சம் பரவுகிறது. ஓட்டு வீடுகளின் சுவர் தெர்மாகோல். விளக்கு எரிந்ததும் சுவரே காகித விளக்கு மாதிரி ஒளிர்ந்தது. உள்ளே முதலில் கருப்புச் சார்ட் தாள் ஒட்டி, அதன் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியதும் வெளிச்சம் ஜன்னலுக்குப் போனது. ஜன்னலில் பட்டர் பேப்பர். தெர்மாகோலுக்குப் பசை வாங்கும்போது கவனம் தேவை. மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை நல்லது. ரப்பர் பசை தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். சால்டரிங் வேலை எல்லாவற்றையும் வெளியே முடித்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். ஒரு ஓட்டு வீட்டின் பின்சுவரை அயர்ன் தொட்டு நாங்கள் இழந்தோம். இப்போது அங்கே ஒரு வைக்கோல் போர் நிற்கிறது.

அபிமுகேஸ்வரர் கோபுரம்

காபி கிளப்பின் எதிர் ஜோடியைப் பிரித்துத் தொடரில் போட்டாயிற்று. டிசியில் எதிர் ஜோடியை அப்படியே விட்டால் ஒன்றுதான் எரியும். கோபுரத்தில் அந்த வேலை முடியவில்லை. தாத்தா ஒவ்வொரு நிலையிலும் களிமண்ணில் செய்து வண்ணம் பூசிய பொம்மைகளைப் பசை வைத்து அடியோடு இறுக்கியிருந்தார். தம்பி எல்இடி போட்டதே மேல் கலசத்துக்குக் கீழே உள்ள துளை வழியாக நுழைத்துத்தான். நுழைந்தது திரும்பி வரவில்லை. கத்தி வைத்தால் மூன்றாம் நிலை உடையும் போலிருந்தது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கத்தியைப் பார்த்தாள்.

கோபுரத்தை ஏசியிலேயே விட்டேன். ஒன்பது நாளும் குறையில்லாமல் எரிந்தது அதுதானே, எதிர் ஜோடி தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் 12 பக்கத்தில், ஃபியூஸுக்குப் பிறகு, பிரிட்ஜுக்கு முன்னாலேயே இரண்டு தனி ஒயர் எடுத்து, வெளியே ஒரு 1 கிலோ ஓம் சேர்த்து, நேரே கோபுரத்துக்குக் கொண்டுபோனேன். வட்டத்தின் மைனஸோடு அதைப் பொதுவாகச் சேர்த்து ஒரு ஒயரை மிச்சப்படுத்தலாமா என்று தம்பி கேட்டான். கூடாது. பிரிட்ஜின் மைனஸையும் ஏசியின் ஒரு பக்கத்தையும் ஒன்றாகக் கட்டினால் ஒரு டையோடு குறுக்கே விழுந்து, அடுத்ததன் வழியாக டிரான்ஸ்ஃபார்மரே ஷார்ட் ஆகும். ஃபியூஸ் அதற்குள் போகும் என்று நம்பலாம், ஆனால் அதை நம்பி ஒயரிங் செய்யக் கூடாது. தாத்தாவின் பென்சில் படத்துக்குப் பக்கத்தில் இந்த இரண்டு ஒயரையும் பச்சை மையில் வரைந்து, பிரிட்ஜையும் மடக்கிய மூன்றாம் ஒயரையும் குறித்து வைத்திருக்கிறோம்.

இந்த வருஷக் கொலு முடிந்தது. 29ல் ஒன்றும் அணையவில்லை. சுவிட்சை நிறுத்தினால் குளக்கரை முழுவதும் ஒரு மூச்சு நேரம் தயங்கி, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தோடு சேர்ந்து மங்கி அணைகிறது. கெப்பாசிட்டரில் மிஞ்சியது தீரும் நேரம் அது. கீழ்க்கரைக் கோபுரம் மட்டும் காத்திராமல் டக்கென்று போய்விடுகிறது. வீடியோ எடுத்தவர்கள் காட்டிய படங்களிலும் பட்டை ஓடுவது அந்தக் கோபுரத்தின் மேல் மட்டும்தான்.